ஜெல்லில் மங்கிப்போன கோடு

கேள்வி: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து பிபிஆர்322 என்ற பிளாஸ்மிடை, அதாவது குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் வட்டமான டி.என்.ஏ.-வை, பிரித்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் மங்கலான கோடுதான் வருகிறது. பியூசி19 பிளாஸ்மிட் என்றால் பளிச்சென்று இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்கிறார்களே? போன வாரம் பியூசி19-உம் மங்கிவிட்டது. ஏன்?
- வாசகி, திருச்சி

பதில்: பியூசி என்றாலே எனக்கு நான் படித்த பழைய பி.யு.சி. (புகுமுக) வகுப்புதான் ஞாபகம் வரும். உங்களுடைய பியூசியில் ‘யூசி’ என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ‘பி’ பிளாஸ்மிட்.

ஒரே குடும்பம்தான். 1977-இல் வந்த பிபிஆர்322 ஒரு செல்லில் 15 முதல் 20 பிரதிகள் வரை இருக்கும். அதன் வழியில் வந்த பியூசியோ 500, 600 என்று பெருகும். பிரதிகள் கூடினால் ஜெல்லில் கோடும் பளிச்சென்று தெரியும். பிளாஸ்மிட் பிரதியெடுக்கத் தொடங்க ஆர்.என்.ஏ.-2 என்ற இழை சரியாக மடிய வேண்டும். அதே இடத்தில் எதிர்த்திசையில் உருவாகும் குட்டி ஆர்.என்.ஏ.-1, அதோடு ஒட்டிக்கொண்டு மடிப்பைக் கெடுத்துவிடும். பிளாஸ்மிட் கூடக்கூட ஆர்.என்.ஏ.-1-உம் கூடும், பிரேக் இறுகும். இரண்டும் நன்றாக ஒட்ட ராப் என்ற சின்னப் புரதம் துணை செய்கிறது.

பியூசியில் ராப் மரபணு கிடையாது. கூடவே, பிரதியெடுப்பு தொடங்கும் பகுதியில் டி.என்.ஏ.-வின் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, ஜி இருந்த இடத்தில் ஏ. யாரும் திட்டமிட்டுச் செய்த மாற்றமல்ல இது; தற்செயலாக நுழைந்தது, பிறகுதான் கவனித்தார்கள். இந்த எழுத்தால் ஆர்.என்.ஏ.-2 வேறு விதமாக மடிகிறது, ஆர்.என்.ஏ.-1-க்குப் பிடி கிடைப்பதில்லை.

இப்போது உங்கள் போன வாரத்துக்கு வருவோம். அந்தக் கோணல் மடிப்பு சூட்டைப் பொறுத்தது. 37, 42 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். 30-இல் ஆர்.என்.ஏ.-2 பழையபடி மடிந்துவிடும், பிரதிகளும் குறைந்துவிடும். நான் ஆராய்ச்சி செய்த காலத்தில் பாக்டீரியா வளர்க்கும் எங்கள் இன்குபேட்டர் 37 என்று காட்டிக்கொண்டே உள்ளே 30-இல் நின்றது. இரண்டு வாரம் கரைசல்களைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தோம். நீங்கள் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்.

சூடு சரியாக இருந்தால், ஈ.கோலை ரகத்தை மாற்றினீர்களா என்று பாருங்கள். பாக்டீரியாவின் குரோமோசோமில் உள்ள பிசிஎன்பி மரபணு பழுதானால் ஆர்.என்.ஏ.-1 சீக்கிரம் சிதையாது. பிளாஸ்மிடில் ஓர் எழுத்தும் மாறாமலே எண்ணிக்கை இறங்கிவிடும். ரகத்தின் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.