பழுதான நாஸ் பெட்டியின் டிஸ்க்குகளை வேறு பெட்டிக்குப் பாதுகாப்பாக மாற்றுவது எப்படி?

நாஸ் என்பது, வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பொதுச் சேமிப்புப் பெட்டி. பெட்டியின் போர்டு பழுதானாலும் டிஸ்க்குகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். சினாலஜி போன்ற பெட்டிகள் லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் ரெய்டை, அதாவது பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக இணைக்கும் முறையைப் பயன்படுத்துவதால், எந்த டிஸ்க் எந்தத் தொகுப்பில் எத்தனையாவது என்ற குறிப்பு ஒவ்வொரு டிஸ்க்கிலுமே எழுதப்பட்டிருக்கிறது. நோட்டின் தையல் பிரிந்தாலும், பக்க எண்கள் தாளிலேயே இருப்பதால் அதை மறுபடி அடுக்கிவிடலாம் அல்லவா, அதைப் போன்றதுதான் இது.

ஆகவே மின்இணைப்பைத் துண்டித்து, கழற்றும் முன்பே டிஸ்க்குகளில் 1, 2, 3, 4 என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதே நிறுவனத்தின், இடமாற்றத்துக்கு ஏற்ற மாடலில், அதே வரிசையில் எல்லாவற்றையும் பொருத்திய பிறகே பவர் கொடுங்கள். முதல் திரையில் பழைய தரவுடன் இடம்பெயர்க்கும் வாய்ப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவும் வாய்ப்பும் அங்கேயே இருக்கும், விரல் அவசரப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்பதைப் பார்த்து, டிஸ்க் கெட்டுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். லினக்ஸ் எழுதிய அமைப்பை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள், எனவே தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்.