ஐ7 என்று ஒட்டியிருந்தால் போதுமா?

கேள்வி: மகளின் காலேஜ் படிப்புக்காக டர்பன் டவுனில் ஒரு கடையில் 4,500 ரேண்டுக்குப் பழைய லேப்டாப் வாங்கினேன். "ஐ7, 1 டெராபைட், இதுக்கு மேல என்ன வேணும் ஆன்ட்டி?" என்றார்கள். ஆன் செய்தால் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மவுஸ் நகர மறுக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். நீங்கள் எழுதி அனுப்பிய விவரத்தில் ஐ7-3520எம் என்று இருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த 3-ஐப் பாருங்கள். இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்த சிப், உள்ளே வேலை செய்கிற மூளை, அதாவது கோர், இரண்டே இரண்டு. ஐ7 என்றால் அந்த வருஷத்துப் பிள்ளைகளில் மூத்தது, அவ்வளவுதான். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 இதை அலட்டிக்கொள்ளாமல் முந்திவிடும்.

ஆனாலும் மவுஸ் நகராததற்குப் பழியைச் சிப் மேல் போட மாட்டேன். உங்கள் லேப்டாப்பில் ரேம் 4 ஜிபிதான். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாக் கடை பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும், முன்னால் இருக்கிற மேசை ஒரு முழம்தான் என்றால் மல்லித்தூளை எடுத்துவைக்கச் சீரகத்தைக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். கைதான் சிப், மேசை ரேம், கிடங்கு டிஸ்க். மேசையில் பாதியை விண்டோஸே பிடித்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் நாலு பக்கம் அடங்காமல் போனால், சிலதை டிஸ்கில் ஒதுக்கிவிட்டு, கேட்கும்போது திரும்பக் கொண்டுவரும்.

கிடங்காவது பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. உங்களுடையது சுழலும் ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பில் வருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது வினாடிக்கு 90. வேண்டிய தகவல், அதைப் படிக்கிற தலை என்ற முனைக்கு நேராக வந்து நிற்கச் சராசரியாக அரைச்சுற்று, சுமார் ஐந்தரை மில்லிவினாடி. அதற்கு முன் அந்தத் தலையும் நகர்ந்து இடம் பிடிக்க வேண்டும். ஒரு தடவை என்றால் கண்ணுக்கே தெரியாது. ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் நீங்கள் காப்பி போடப் போகிறீர்கள். தகவலைத் தட்டில் இல்லாமல் சிப்பிலேயே வைக்கிற டிஸ்க்தான் எஸ்எஸ்டி. அதில் சுழல எதுவும் இல்லை, அதனால் இந்தக் காத்திருப்பும் இல்லை.

நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். மவுஸ் திணறுகிற நேரத்தில் சிபியு 20, 30 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100-இல் நின்றால் நான் சொன்னதுதான்.

எஸ்எஸ்டி மாற்றி, இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டால் வேறு மெஷின் போல ஓடும். ரேம் டிடிஆர்3 என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்4 அட்டையின் அடியில் வெட்டு வேறிடத்தில் இருக்கும், செருகவே முடியாது. இருந்தாலும் எனக்கு இதில் அரைமனசுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் சிப்பில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட், உங்களுடையது மூன்றாம் தலைமுறை.

ஆகவே திருகாணியைக் கழற்றுவதற்கு முன் கடைக்குப் போங்கள். மகளின் காலேஜ் படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினீர்களா? அப்படியானால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு நியாயமாக உதவ வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. பிரித்து மாற்றிய பிறகு போனால் "நீங்கதானே கைவெச்சீங்க" என்பார்கள்.

கேள்வி: 1 டெராபைட் டிஸ்க் வாங்கினேன். கம்ப்யூட்டரில் 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே?
– டோங்காட் வாசகர்

பதில்: எங்கேயும் போகவில்லை. டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. பொருள் அதேதான், படிதான் வேறு.

கேள்வி: பழைய லேப்டாப் வாங்கி இரண்டு மாதத்தில் திரை மினுக்க ஆரம்பித்துவிட்டது. பில்லில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று போட்டிருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் கடைக்காரர்.
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்ற அந்த வார்த்தை, தன் லேப்டாப்பை விற்கிற தனிமனிதரிடம் வாங்கினால் செல்லும். வியாபாரமாக விற்கிற கடைக்கு அதைக் காட்டித் தப்ப முடியாது, பழைய பொருளானாலும் சரி. மேலே சொன்ன சட்டத்தின் 56-ஆம் பிரிவில், வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்வு செய்வது நீங்கள். ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் அதே பழுது திரும்பினால், மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லை பணத்தைத் திருப்ப வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: "திரை மினுக்கும்" என்று வெளிப்படையாகச் சொல்லி, அதை ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறைக்காகத் திரும்பப் போக முடியாது. பொத்தாம்பொதுவான ஃபூட்ஸ்டூட்ஸ் முத்திரை அப்படிச் சொன்னதாகாது.

முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பானாலும் போதும். மசியவில்லை என்றால் நுகர்வுப் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த வழவழத் தாளை டர்பன் வெயிலில் காருக்குள் விட்டால் ஆறு மாதம் வரை எழுத்து நிற்காது.