1806 ப்ராஜெக்ட்: ஒரே ஒரு கேள்வியில ஆரம்பிங்க

குடியாத்தம் சார், ப்ளஸ் ஒன் படிக்கிற உங்க பொண்ணு வேலூர்ப் புரட்சி (1806-ல வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ங்க ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து எழுந்தது) ப்ராஜெக்டை நெட்டைப் பார்த்து அப்படியே எழுதறா, சொந்தமா எழுதச் சொன்னா அழறான்னு போட்டிருந்தீங்க. திட்டாதீங்க. கையில கேள்வி இல்லாம பிள்ளை எதைத் தேடும்?

ஞாயித்துக்கிழமை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிட்டு வாங்க. அகழி ஓரமா நடந்துகிட்டே கேளுங்க: ஜூலை 10 அன்னிக்கு எத்தனை சிப்பாய்ங்க செத்தாங்க? ஒரு புத்தகம் 350-ங்கும், இன்னொண்ணு 800-ங்கும். யார் எண்ணினது, யாருக்காக எழுதினதுன்னு நோட்டுல எதிரெதிரா எழுதட்டும். அப்புறம் காரணம்: சிப்பாய்ங்களைப் போடச் சொன்ன புதுத் தலைப்பாகையா, கோட்டைக்குள்ள காவல்ல இருந்த திப்பு சுல்தானோட பிள்ளைங்களா?

என் பையன் இப்படித்தான் செஞ்சான். மூணாம் நாள், "இந்தப் புத்தகங்கள்ல சிப்பாய் பேசினதா ஒரு வரிகூட இல்லியேப்பா"ன்னான். எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

அவ எழுதினதை இங்க போடுங்க, படிச்சுச் சொல்றேன்.