கவாத்தில் வெட்டிய கிளைக் கழிவை எரிபொருளாக்கி விற்கலாமா, 2 ஏக்கர் கொய்யாவுக்குத் தூளாக்கும் மெஷின் வாங்கலாமா?

மெஷினை இப்போதைக்கு விடுங்கள். கிளையை எரிபொருளாக்குவது கடைசி வேலை, அதற்கு முன்னால் அள்ளுவதும் காயவைப்பதும் வண்டி ஏற்றுவதும்தான் காசைத் தின்னும். எங்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் நாலு ஏக்கர் மா, பெரும்பாலும் பெங்களூரா ரகம். மூன்று வருஷமாகப் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் வருஷம் வெட்டிய கிளையை அப்படியே டிரெய்லரில் ஏற்றி, பிரிக்கெட் (தூளை அழுத்திச் செய்யும் எரிகட்டி) போடுகிற இடத்துக்குக் கொண்டுபோனேன். வண்டி பார்க்க வைக்கோல் போர் மாதிரி இருந்தது, எடைச்சீட்டில் 740 கிலோதான். அதிலும் பச்சை மரத்தில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். பிரிக்கெட்டுக்கு ஈரம் 10, 12 சதவீதத்தைத் தாண்டினால் கட்டி சரியாகப் பிடிக்காது. அங்கிருந்தவர் ஒரு குச்சியை எடுத்து ஒடித்தார், அது ஒடியாமல் வளைந்தது. "காயவெச்சு எடுத்துக்கிட்டு வாங்கண்ணா" என்று திருப்பிவிட்டார். டீசல் காசு போச்சு.

சரி, காயவைக்கலாம் என்றால் காலம் ஒத்துவரவில்லை. மாவுக்குக் கவாத்து அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில், அது முடிவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். விறகு எரிக்கிற எங்கள் பக்கத்து மாங்கூழ் ஆலை பாய்லரும் அப்போது அணைந்து கிடக்கும், அடுத்த சீசனில்தான் மூட்டுவார்கள். அதுவரை அடுக்கி வைத்தால் மாங்கட்டையில் வண்டு விழுகிறது. தை மாசம் ஒரு கட்டையைத் தூக்கினேன், சல்லடையில் சலித்த மாதிரி தூள் காலில் கொட்டியது.

இத்தாலியின் தெற்கே கலிமெரா என்ற ஊரில் ஆலிவ் கவாத்துக் கழிவை வைத்தே 1 மெகாவாட் மின்நிலையம் நடத்தியிருக்கிறார்கள். ஊரைச் சுற்றி ஆலிவ் தோப்பு, நிலையத்தின் ஆட்களே தோப்புக்குள் வந்து துண்டாக்கி அள்ளிப் போவார்கள். விவசாயி வண்டி பிடிக்க வேண்டியதில்லை, நமக்கு இடிப்பது அங்கேதான்.

சாண எரிவாயுக் கலனில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கட்டையைக் கெட்டியாக்குகிற லிக்னின் என்ற பொருளைக் கலனில் இருக்கிற நுண்ணுயிர்களால் தின்ன முடியாது.

இப்போது நான் கட்டைவிரல் பருமனுக்கு மேல் உள்ளதை மட்டும் ஒன்றரை அடித் துண்டாக்கி, கல் மேல் காற்று புக அடுக்கி, தகரம் போட்டு வைத்துப் பக்கத்து ஓட்டலுக்குக் கொடுக்கிறேன். இலையும் சுள்ளியும் மரத்தடியிலேயே கிடக்கட்டும், அது மண்ணுக்கு உரம்.

கொய்யாவில் உங்களுக்கு ஒரு வசதி, மாசியிலும் ஒரு கவாத்து வரும், காயவைக்க வெயில் கைகொடுக்கும். முதலில் விறகு பாய்லர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, எந்த மாசம் வாங்குவார்கள் என்று நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.