டாக்டர் திட்டினால்தான் அப்பா கேட்பாரா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. சர்க்கரை நோய். மூன்று மாத சர்க்கரை சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4. தினமும் எட்டு சிகரெட். எங்கள் குடும்ப டாக்டர் ஒரு தடவைகூடக் கண்டித்ததில்லை. "எதை மாத்திக்க முடியும்னு நீங்களே சொல்லுங்க" என்கிறார். நாலு வார்த்தை மிரட்டினால்தானே அப்பா பயப்படுவார்?
- வாசகி, கரூர்

பதில்: மிரட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பயம் அடுத்த டீக்கடை வரைக்கும்தான் தாங்கும்.

லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதும் ஒருவர் என்னிடம் வருவார். ஒரு நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரண்டு வருடம் திட்டினேன். பரிசோதனைக்கு முந்தைய நாலு நாள் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு வருவார். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு அடங்கியிருக்கும், மூன்று மாத சராசரி காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் அலுத்துப்போய், "அப்படி என்னதான் இருக்கு அந்த டீயில?" என்று கேட்டேன். "டீ எல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், அந்தச் சாக்குல சீட்டை விட்டு எந்திரிக்கலாம்" என்றார். இரண்டு வருடமாக நான் கேட்காத கேள்வி! சர்க்கரை போடாமல் மூன்று டீ, மற்ற நேரத்தில் தெருமுனை வரை ஒரு நடை என்று அவரே பேரம் பேசி முடித்தார்.

உங்கள் டாக்டர் செய்வதும் இதுதான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் பேசிப் பழகி, 1983-ல் எழுதிவைத்த முறை இது. நாம் "மாறு" என்று தள்ளத் தள்ள, மாறாமல் இருக்க ஆயிரம் காரணம் சொல்வது மனித சுபாவம். மாற வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வந்தால் கதை வேறு.

சிகரெட் விஷயத்தில் மட்டும் கேள்வி போதாது, "நிறுத்துங்கள்" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதற்குத் திட்டத் தேவையில்லை. லண்டனில் 28 குடும்ப மருத்துவர்களை வைத்து நடந்த ஆய்வு 1979-ல் வெளியானது. ஓரிரு நிமிட அறிவுரை, ஒரு துண்டுப்பிரசுரம், "மறுபடி விசாரிப்போம்" என்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 5.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் 0.3 சதவீதம்தான். நூற்றுக்கு ஐந்து பேர்தானா என்று தோன்றும். இரண்டு நிமிடப் பேச்சுக்கு அது பெரிய கூலி. "மறுபடி விசாரிப்போம்" என்று உரிமையோடு சொல்லக்கூடியவர் குடும்ப டாக்டர்தான்.

அடுத்த தடவை கூடப் போகும்போது, "இவர் எதுவுமே கேட்கிறதில்ல டாக்டர்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதோடு அப்பா வாயை மூடிக்கொள்வார். அப்புறம், 8.4 என்பதால் மாத்திரையையும் கூட்டவோ மாற்றவோ வேண்டியிருக்கலாம். பழக்கம் மாறட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். நடை கூடி, சாப்பாடு குறையும்போது சில மாத்திரைகள் சர்க்கரையை அதிகமாகவே இறக்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே வாயில் போட, சட்டைப்பையில் நாலு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும்.

சிகரெட்டை விட அப்பா தயாரானால் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. போனில் பேச வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை.