அரசு கடன் வாங்கினால் என்ன தப்பு? வீட்டுக் கணக்கும் அரசுக் கணக்கும் ஒன்றா?

நீங்கள் கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன், தம்பி. வீட்டுக் கணக்கை வைத்து அரசுக் கணக்கைப் பார்க்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, கோவை மாவட்டம் சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். ஆனால் எந்தக் கடன் ஆளை நிமிர்த்தும், எது சாய்க்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்பா 1994இல் வங்கிக் கடனில் எட்டுத் தறி போட்டார். கூலி நெசவுதான். பாவும் (நெடுக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) ஜவுளி உற்பத்தியாளர் தருவார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வரும். தறி ஓடியே தன் கடனை அடைத்தது. ஆறு வருடத்தில் பத்திரம் வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் வாங்கிய கடன் வேறு. பாவு வராமல் தறி நின்ற மாதங்களில் ஆட்களுக்கு முன்பணம், தீபாவளி போனஸ், தங்கச்சிக்குச் சீர் எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்கினேன். யாரிடமும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடம் அந்த வட்டியைக் கட்டவே இன்னோர் இடத்தில் வாங்கினேன். கடைசியில் நான்கு தறி பழைய இரும்பு விலைக்குப் போனது. லாரியில் ஏற்றியபோது அப்பா குடோன் பக்கமே வரவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பாவு கொடுத்தவர் அதிகாரிகள் முன்னால் கூலி உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறே மாதத்தில் மார்க்கெட் சரியில்லை என்று பழைய கூலிக்கே இறக்கிவிட்டார். கேட்க நாதியில்லை.

சரி, அரசுக்கு வருகிறேன். அணை, சாலை, மின்பாதைக்கு வாங்கினால் அது அப்பா வாங்கிய கடன். சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி என்று அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் வாங்கினால் அது நான் வாங்கிய கடன். வருவாய்ப் பற்றாக்குறை என்பது இதைத்தான். அதை ஒழிக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். ஆனாலும் 2013-14 முதல் அந்தப் பற்றாக்குறை வருடம் தவறாமல் இருக்கிறது. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் அது சுமார் 41,635 கோடி ரூபாய், மொத்தக் கடன் 9.29 லட்சம் கோடி. மாநில நிதி நிலைமை பற்றி அரசு வெளியிட்ட 2021 வெள்ளை அறிக்கையிலேயே ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் என்று கணக்குக் காட்டினார்கள்.

நோட்டு அடித்துச் சமாளிக்கலாமே என்பீர்கள். மாநில அரசு நோட்டு அடிக்க முடியாது. கடன் பத்திரத்தை ஏலம் விட்டுத்தான் வாங்குகிறது, திருப்பிக் கட்டுவது நம் வரியில்.

நம் கோவைக்காரர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் சண்முகம் செட்டியார் 1947 நவம்பரில் போட்ட முதல் பட்ஜெட்டிலும் வரவு 171 கோடி, செலவு 197 கோடி. அது பிரிவினை, அகதிகள், உணவுப் பஞ்சம் எல்லாம் சேர்ந்த நேரம். அப்படி ஒரு காலத்தில் துண்டு விழுவதை யாரும் குறை சொல்ல மாட்டோம்.

"தறிக்கு இலவச மின்சாரம் வாங்குகிறாயே" என்று கேட்க ஒருவர் வருவார். ஆமாம், வாங்குகிறேன். இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இருந்தது, 2023இல் 1,000 ஆக்கினார்கள். ரேஷனையோ சத்துணவையோ நிறுத்தச் சொல்லவில்லை, நானே சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன். ஆனால் என் யூனிட்டைக் குறைத்தால் தாங்கிக்கொள்வேன். கையெழுத்துப் போட்ட கூலி கைக்கு வருகிறதா என்று மட்டும் அரசு பார்த்துக்கொள்ளட்டும். புதுச் சலுகை அறிவிக்கிற அன்றைக்கே அது எந்த வரியிலிருந்து வருகிறது என்றும் சொல்லட்டும்.