1956 கதையில் பெண்ணுக்கு மரவேலை வகுப்பு இருக்கலாமா?

வணக்கம். 1956-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில உயர்நிலைப் பள்ளியில் உங்கள் கதாநாயகி மரவேலை வகுப்பில் மேசை செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். ஆங்கிலம், வரலாறு, கணக்கு, அறிவியல் இருபாலருக்கும் பொது. விருப்பப் பாடம் என்று வந்தால் பையன்கள் பட்டறைக்கும் பெண்கள் மனையியலுக்கும் போவதுதான் பெரும்பாலும் வழக்கம். பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 1972 சட்டத்துக்குப் பிறகே அந்தக் கதவு நன்றாகத் திறந்தது.

அவளைத் தட்டச்சு வகுப்பில் உட்கார வையுங்கள். எழுத்தே இல்லாத விசைகள், சுவரில் விசைப்பலகைப் படம், வரி முடியும்போது மணிச் சத்தம். ஜன்னல் வழியே மரத்தூள் வாசனை வரட்டும். அவள் ஏக்கம் அதிலேயே தெரிந்துவிடும்!

அப்புறம், ரஷ்ய மொழி வகுப்பைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த மொழி மீது அங்கே ஆர்வம் பெருகியது சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த பிறகுதான்; அது பறந்ததே 1957-இல். அயல்மொழிக்கு மத்திய அரசுப் பணம் வந்தது 1958 சட்டத்தால். லத்தீன் பொருந்தும்.